படிக்கும் முன்பே திரும்பி வரும் பேப்பர்: மாநாட்டுக் கட்டுரையின் வடிவ விதிகள் எதற்காக?

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள கல்லூரிகளில் ஆய்வு மாணவர்களிடம் இரண்டு குழப்பங்கள் சேர்ந்து நிற்கின்றன. முதலாவது, பேப்பர் போடத்தான் வேண்டுமா என்பது. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையும் மாநாடுகளில் இரண்டு வாசிப்புகளும் கட்டாயம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2016 பிஎச்.டி விதிகள் சொல்லின. 2022 விதிகள் அந்தக் கட்டாயத்தை நீக்கின. எந்த ஆய்விதழை நம்பலாம் என்று காட்டிவந்த யுஜிசி-கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. ஆனாலும் பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று தனி விதி வைத்துக்கொள்ளத் தடையில்லை. வேலை நேர்காணலில் பேப்பர் எங்கே என்று கேட்பதும் நிற்கவில்லை. ஆகவே, "போடு" என்று கைடு சொல்வதும் மாறவில்லை.

இரண்டாவது குழப்பம் பேப்பரை அனுப்பிய பிறகு வருகிறது. ஒரு வாரத்தில் பதில் வந்துவிடுகிறது. ஆய்வைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. "வடிவம் விதிப்படி இல்லை, பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள இயலாது" என்று மட்டும் இருக்கிறது. இதற்கு டெஸ்க் ரிஜெக்ட் என்று பெயர். மதிப்பீட்டாளர் கைக்குப் போகாமலே அலுவலக மேசையில் நின்றுபோன கட்டுரை. உள்ளடக்கத்தைப் பார்க்காமல் ஓரம், எழுத்தளவு, பக்க எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து ஒதுக்குவது அநியாயம் என்றே முதலில் தோன்றும். அந்த விதிகள் யாருக்காக எழுதப்பட்டவை என்று பார்த்தால் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் உண்டு. சிலவற்றுக்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை என்பதும் உண்மை.

கட்டுரையை முதலில் படிப்பது யார்?

அமரவிளையில் விற்பனை வரிச் சோதனைச்சாவடி இருந்த காலத்தில் லாரியை நிறுத்தியவர்கள் முதலில் கேட்டது சரக்கை அல்ல, காகிதத்தை. மாநாட்டிலும் அதே வரிசைதான்.

1. முதல் வாசகர் சரிபார்ப்பவர். அவர் அமைப்புக் குழுவில் ஒருவராகவும் இருக்கலாம், மென்பொருளாகவும் இருக்கலாம். ஈஸிசேர், மைக்ரோசாஃப்ட் சிஎம்டி போன்ற, கட்டுரைகளைப் பெறும் தளங்களில் கோப்பு வந்து சேர்ந்ததும் பக்க எண்ணிக்கை, ஆசிரியர் பெயர் மறைப்பு, ஒப்புமை விகிதம் (பிறர் எழுத்தோடு எத்தனை விழுக்காடு ஒத்திருக்கிறது என்ற கணக்கு) ஆகியவை பார்க்கப்படும்.

2. இரண்டாவது வாசகர் மதிப்பீட்டாளர், அதாவது ரிவியூவர். சம்பளம் இல்லாமல், தன் வேலைக்கு நடுவே, ஒரே வாரத்தில் பல கட்டுரைகளைப் படிப்பவர். எல்லாம் ஒரே அச்சில் இருந்தால்தான் அவற்றை ஒப்பிட முடியும். ஒருவர் ஓரத்தைக் குறைத்து எட்டுப் பக்கத்தில் பத்துப் பக்க விஷயத்தை அடைத்திருந்தால், விதியை மதித்தவருக்கு அது நஷ்டம். பக்க வரம்பு கறாராக இருப்பது இதனால்தான்.

3. மூன்றாவது வாசகர் தரவகம். மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇயின் எக்ஸ்ப்ளோர், பதிப்பகமான ஸ்பிரிங்கரின் தளம், மேற்கோள்களைக் கணக்கிடும் ஸ்கோபஸ் போன்றவை கட்டுரையிலிருந்து தலைப்பு, ஆசிரியர், நிறுவனம், மேற்கோள் பட்டியல் ஆகியவற்றை இயந்திரத்தால் பிரித்தெடுக்கின்றன. இயந்திரத்துக்குப் புரியாதது தேடலில் வராது. தேடலில் வராத கட்டுரையை யாரும் மேற்கோள் காட்ட மாட்டார்கள்.

எந்த விதியைப் பார்த்தாலும் இந்த மூவரில் யாருக்காக இது என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

டெம்ப்ளேட்: கை வைக்கக் கூடாத சட்டகம்

மாநாடு தரும் மாதிரிக் கோப்புதான் டெம்ப்ளேட். ஐஇஇஇ மாநாடுகளுக்கு இரண்டு பத்தி அமைப்பு, அதாவது பக்கம் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிரிந்திருக்கும்: தலைப்பு 24 புள்ளி, உடல் எழுத்து 10 புள்ளி, சுருக்கம் 9 புள்ளி தடித்த எழுத்து. பக்க எண் போடக் கூடாது, தொகுப்பாகும்போது அவர்களே போடுவார்கள். ஸ்பிரிங்கரின் எல்என்சிஎஸ் என்ற கணினியியல் நூல் வரிசைக்கு ஒற்றைப் பத்தி. எழுத்து நிற்கும் பகுதி 122 மி.மீ. அகலம், 193 மி.மீ. உயரம். ஏ4 தாளில் இவ்வளவு வெள்ளையிடம் வீணாகிறதே என்று சிலர் ஓரத்தை இழுத்துவிடுகிறார்கள். அந்தத் தொகுப்புகள் ஏ4ஐவிடச் சிறிய புத்தக அளவில் அச்சாகின்றன என்பது தெரிந்தால் கை வைக்க மாட்டார்கள்.

கணினி மொழியியலில் ஏசிஎல் அமைப்பின் நடைக்கோப்பு புழங்குகிறது. நீள் கட்டுரைக்கு 8 பக்கம், குறுங்கட்டுரைக்கு 4 பக்கம், மேற்கோள் பட்டியல் கணக்கில் சேராது. ஆய்வின் குறைகளைச் சொல்லும் 'வரம்புகள்' என்றொரு பகுதி கட்டாயம், அது இல்லையென்றால் டெஸ்க் ரிஜெக்ட்தான். அந்தப் பகுதியும் பக்கக் கணக்கில் வராது. தமிழ், மலையாளம், இரண்டும் ஆங்கிலத்தோடு கலந்த சமூக ஊடகப் பேச்சு ஆகியவற்றை ஆராயும் டிராவிடியன்லாங்டெக் பயிலரங்கு 2021 முதல் பெரும்பாலும் இந்தக் குடையின் கீழ் நடப்பதால், எல்லைப்பகுதி மாணவர்கள் இந்த நடையை அறிந்திருப்பது நல்லது.

தாள் அளவு சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி சிக்க வைக்கும். அமெரிக்க லெட்டர் தாள் ஏ4ஐவிட 6 மி.மீ. அகலம் கூடியது, 18 மி.மீ. உயரம் குறைந்தது. லெட்டர் அளவில் தட்டச்சு செய்து கடைசியில் ஏ4க்கு மாற்றினால் வரிகள் நகர்ந்து, எட்டாம் பக்கத்தில் முடிந்தது ஒன்பதாம் பக்கத்துக்குத் தாவலாம். முதல் நாளே எந்தத் தாள் என்று பார்த்து இறக்கிக்கொள்ள வேண்டும்.

எழுத லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளா வேர்டா என்ற சண்டை தேவையற்றது. சமன்பாடு நிறைய இருந்தால் லேடெக், இல்லையென்றால் வேர்ட் போதும். ஆனால் வேர்டில் எழுதுகிறவர்கள் தலைப்புகளைக் கையால் தடிக்க வைப்பதை விட்டு, டெம்ப்ளேட்டில் உள்ள 'ஸ்டைல்' பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். கையால் தடித்த தலைப்பு மனிதனுக்குத் தலைப்பாகத் தெரியும், இயந்திரத்துக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான்.

தமிழ் எழுத்து: பார்வைக்கு உண்டு, கோப்பில் இல்லை

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது இருக்காது. நம் பக்கத்துக் கட்டுரைகள் அதிகம் அடிபடுவதும் இங்கேதான்.

மார்த்தாண்டத்திலோ பாறசாலையிலோ ஒரு டிடிபி சென்டரில் கட்டுரையைத் தட்டச்சு செய்யக் கொடுத்தால், அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் வர வாய்ப்புண்டு. எல்லை தாண்டி மலையாளத்தில் கொடுத்தால், எம்எல்-டிடி வரிசை எழுத்துருக்களில் வரலாம். இவை ஒருங்குறிக்கு, அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யுனிகோடுக்கு, முந்தைய ஏற்பாடுகள். ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைப்பதுதான் அவற்றின் தந்திரம். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். திரையில் தமிழ் தெரிகிறது, கோப்பில் தமிழே இல்லை.

இதன் விளைவுகள் வரிசையாக வரும். தரவகம் கட்டுரையை அட்டவணைப்படுத்தும்போது ஆங்கிலக் குப்பையைச் சேமிக்கும். தேடினால் கிடைக்காது. மதிப்பீட்டாளர் ஒரு வரியைத் தன் குறிப்பில் வெட்டி ஒட்டினால் புரியாத எழுத்து விழும். எழுத்துரு இல்லாத கணினியில் வேர்ட் கோப்பைத் திறந்தால் மொத்தக் கட்டுரையும் அதே கதி. இவற்றையெல்லாம் விட மோசமானது ஒப்புமைச் சோதனை. பாமினிக் கோப்பை மென்பொருளில் ஏற்றினால் ஒப்பிட அதற்குத் தமிழ்ச் சொல்லே கிடைக்காது. 0 விழுக்காடு என்று அறிக்கை வரும். அதைச் சான்றிதழ் போலப் பின்னால் இணைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. அந்த 0 நேர்மைக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல, இயந்திரத்தால் படிக்க முடியவில்லை என்பதற்கான சாட்சி.

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும், அது முடியாத இடங்களில் டேஸ்-16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே இடம் இருந்தது. ஆகவே இன்றைக்குப் பழைய எழுத்துருவில் கட்டுரை வருவதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. சென்டர்காரரின் விரல் பழக்கம்தான் காரணம். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வரிவரியாகப் படிப்பது அவசியம்.

ஒருங்குறிக்கு வந்துவிட்டாலும் சில கண்ணிகள் மிச்சம். 'ஔ' என்ற எழுத்துக்குப் பதில் 'ஒ'வையும் 'ள'வையும் பக்கத்தில் வைத்து அடிப்பது பரவலான வழக்கம். அப்படி அடித்த 'ஒளவையார்' தேடலில் ஔவையாராகக் கிடைக்க மாட்டார். 'கொ'வின் உயிர்க்குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சொற்களை எண்ணும் நிரலுக்கு, முன்னதாகச் சீராக்காவிட்டால், இரண்டு வெவ்வேறு சொற்கள். மலையாளத்தில் சில்லெழுத்துகளுக்கு (புள்ளி இல்லாமலே மெய்யாக ஒலிக்கும் எழுத்துகளுக்கு) 2008இல் வந்த ஒருங்குறி 5.1 தனி இடம் கொடுத்தது. அதற்கு முந்தைய முறையில் அடித்த கோப்புகளும் புதிய கோப்புகளும் ஒரே தரவுத் தொகுப்பில் கலந்தால், ஒரே சொல் இரண்டாக எண்ணப்படும். விளவங்கோடு, நெய்யாற்றின்கரை வட்டங்களில் பேச்சுத்தரவு திரட்டி 'சொல் நிகழ்வெண்' அட்டவணை போடுகிறவர்களுக்கு இது வெறும் அச்சுப் பிரச்சினை இல்லை. முடிவே மாறிவிடும்.

லேடெக்கில் எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: வழக்கமான பிடிஎஃப்லேடெக் தமிழுக்கு ஒத்துவராது. ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் வேண்டும், கூடவே ஒருங்குறித் தமிழ் எழுத்துரு ஒன்று. மாநாடு பிடிஎஃப்லேடெக்கைத்தான் ஏற்கும் என்றால் முதலிலேயே அமைப்பாளரிடம் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

ஒலிபெயர்ப்பும் மூன்று வரி எடுத்துக்காட்டும்

ஆங்கிலத்தில் எழுதும் கட்டுரைக்குள் தமிழ், மலையாளச் சொற்களை ரோமன் எழுத்தில் தர வேண்டிவரும். அதற்கு இரண்டு முறைகள் ஏற்கப்பட்டவை. ஒன்று சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறை, மற்றது ஐஎஸ்ஓ 15919 என்ற 2001ஆம் ஆண்டுத் தரம். இரண்டிலும் ழகரத்துக்கு எல் எழுத்தின் அடியில் கோடு, ளகரத்துக்கு அடியில் புள்ளி. ஆனால் கேரளத்தில் ஊர்ப்பெயர்ப் பலகைகளில் ழகரம் இசட்-ஹெச் என்று வரும். பலகையில் உள்ளதை ஓரிடத்திலும் லெக்சிகன் முறையை இன்னோரிடத்திலும் கலந்து எழுதினால், மொழி தெரியாத மதிப்பீட்டாளர் இரண்டும் வெவ்வேறு ஒலி என்று நினைப்பார். எந்த முறை என்பதை முதல் அடிக்குறிப்பிலேயே சொல்லிவிட்டு, பிறகு அதிலிருந்து நழுவாமல் இருக்க வேண்டும்.

மொழியியல் கட்டுரைகளில் எடுத்துக்காட்டை மூன்று வரியாகத் தருவது வழக்கம்: மூல வரி, அதன் நேர்கீழே உருபு உருபாக, அதாவது பொருள் தரும் சொற்கூறுகளாக, பிரித்த பொருள், பிறகு மொழிபெயர்ப்பு. லைப்சிக் விதிகள் என்று இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. இங்கே வடிவம் அலங்காரமாக நிற்பதில்லை, வாதத்தையே அதுதான் தாங்குகிறது. தமிழில் 'வந்தான்' என்பதில் காலம் ஒன்று, ஆண்பால் ஒருமை விகுதி ஒன்று என இரண்டு அடுக்கு. மலையாளத்தில் 'வந்நு' என்பதில் விகுதி கிடையாது. அவன், அவள், நான், நீ யாருக்கும் அதே வந்நுதான். இரண்டையும் மேலும் கீழும் நிறுத்தி, உருபுக்கு நேராக உருபு நின்றால், மலையாளத்தின் வெற்றிடம் கண்ணில் படும். ஸ்பேஸ் பட்டையைத் தட்டித் தட்டி இடம்விட்டிருந்தால் எழுத்துரு மாறிய உடனே வரி குலையும். சொல்ல வந்த வெற்றிடம் தப்பான இடத்தில் போய் நிற்கும். வேர்டில் கோடில்லாத அட்டவணையைப் பயன்படுத்துவது பாதுகாப்பு. லேடெக்கில் இதற்கென்றே தனித் தொகுப்புகள் உள்ளன.

திருவனந்தபுரத்தில் 1971இல் திராவிட மொழியியல் கழகத்தைத் தொடங்கிய வ.ஐ. சுப்பிரமணியம் நாகர்கோவில் வடசேரிக்காரர். இந்த எல்லைப்பகுதி திராவிட மொழியியலுக்குப் புதிய இடம் அல்ல. தரவு இங்கே ஏராளமாகக் கிடைக்கிறது. எழுதி அனுப்பும் இடத்தில் கோட்டைவிடுவதுதான் வருத்தம்.

பெயர்: எல்லை தாண்டினால் தலைகீழாகும் முன்னெழுத்து

நாகர்கோவில் சான்றிதழில் 'எஸ். ராஜன்' என்று இருப்பவர், திருவனந்தபுரத்தில் சேர்ந்ததும் 'ராஜன் எஸ்.' ஆகிவிடுகிறார். இரண்டு பக்கமும் அவரவர் வழக்கம் சரிதான். சிக்கல் டெம்ப்ளேட்டில். அது இயற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கேட்கிறது. முன்னெழுத்துக்குக் குடும்பப்பெயர் கட்டத்தில் இடம் கொடுத்தால், உலகம் அவரை 'எஸ்' என்ற குடும்பத்தைச் சேர்ந்தவராக மேற்கோள் காட்டும். ஒரு கட்டுரையில் ஒரு மாதிரி, அடுத்ததில் வேறு மாதிரி என்றால் ஸ்கோபஸில் ஒரே ஆளுக்கு இரண்டு ஆசிரியர் பக்கங்கள் உருவாகும். மேற்கோள் எண்ணிக்கை இரண்டாகப் பிரியும்.

முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்துகொள்வதுதான் வழி. தந்தை பெயரை விரித்துக் கடைசியில் போடுவது பலருக்கு ஒத்துவரும். போட விருப்பமில்லாதவர்கள் தங்கள் பெயரையே குடும்பப்பெயர் கட்டத்தில் வைத்து, முன்னெழுத்தை இயற்பெயர் கட்டத்தில் வைக்கலாம். எதுவானாலும் ஆர்க்கிட் எண் ஒன்று இலவசமாக வாங்கிவைப்பது நல்லது. 2012இல் தொடங்கிய 16 இலக்க ஆய்வாளர் அடையாளம் அது. பெயர் எப்படி அச்சானாலும் எண் ஒன்றாகவே இருக்கும்.

பெயர் மறைப்பு

இரட்டை மறைவு மதிப்பீட்டில் எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்கும், மதிப்பீட்டாளர் யாரென்று எழுதியவருக்கும் தெரியக் கூடாது. தலைப்புக்குக் கீழே பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். பெயர் ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு:

1. "எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி" என்ற வாக்கியம். இதைப் பிறர் ஆய்வை மேற்கோள் காட்டுவதுபோல் படர்க்கையில் எழுத வேண்டும். சொந்தக் கட்டுரையை மேற்கோளிலிருந்தே நீக்கிவிடுவது தவறான வழி.

2. நன்றியுரை, நிதியுதவி எண். ஏற்கப்பட்ட பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

3. "எங்கள் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பு." ஆய்வுக் களத்தின் பெயரைச் சொல்லலாம், அதோடு நமக்குள்ள உறவைச் சொல்லக் கூடாது.

4. கோப்பின் உட்தகவல். வேர்ட் கோப்பு யாருடைய கணினியில் உருவானதோ அவர் பெயரைத் தனக்குள் வைத்திருக்கும். கைடின் திருத்தங்களும் 'ட்ராக் சேஞ்சஸ்' ஆக உள்ளேயே இருக்கலாம். 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' என்ற வசதி இரண்டையும் துடைக்கும். ஆய்வாளர் பெயர் மறைந்து, ஆசிரியர் இடத்தில் டிடிபி சென்டரின் பெயர் நிற்கும் கோப்புகளும் வராமலில்லை.

ஒப்புமை விகிதம்: 10 விழுக்காடு அனுமதி அல்ல

யுஜிசியின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள் ஒப்புமையை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றன: 10 விழுக்காடு வரை நிலை 0, 10 முதல் 40 வரை நிலை 1, 40 முதல் 60 வரை நிலை 2, அதற்கு மேல் நிலை 3. ஆய்வேட்டுக்கும் வெளியிட்ட கட்டுரைக்கும் தண்டனை தனித்தனி. ஆய்வேட்டில் நிலை 1 என்றால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கலாம், நிலை 3 என்றால் பதிவே ரத்து. கட்டுரையில் நிலை 1க்கே கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்வார்கள். நிலை 2இல் எழுதியவருக்கு ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தமும், 2 ஆண்டுக்குப் புதிய மாணவர்களுக்கு வழிகாட்டத் தடையும் சேரும். கட்டுரையில் கைடின் பெயரும் இருப்பதால் அவர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

உரிய முறையில் காட்டிய மேற்கோள்கள், மேற்கோள் பட்டியல், நன்றியுரை, பொதுச் சொற்கள், சட்டங்கள், சமன்பாடுகள் ஆகியவற்றைக் கணக்கிலிருந்து விலக்கலாம். தற்செயலாகப் பொருந்தும் 14 சொற்கள் வரையிலான தொடரும் விலக்கு. நிலை 0 என்பது சின்ன ஒற்றுமைகளுக்குத் தண்டனை இல்லை என்றுதான் சொல்கிறது. பத்தில் ஒரு பங்கை எடுத்து எழுதலாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. அறிக்கை 9 காட்டினாலும், அந்த 9ம் முடிவுரையின் ஒரே பத்தியிலிருந்து வந்தால் மதிப்பீட்டாளர் ஒதுக்கலாம். அறிக்கை 18 காட்டி, அது முழுவதும் சங்கப் பாடல் மேற்கோளாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. எண்ணைவிட, வண்ணம் பூசிய பகுதிகளைப் பார்ப்பதே சரியான படிப்பு.

வெள்ளை நிறத்தில் எழுத்தை ஒளித்தும், ஓர் எழுத்துக்குப் பதில் அதைப் போன்ற வேறு மொழி எழுத்தைப் போட்டும் மென்பொருளை ஏமாற்றும் வித்தைகள் சுற்றில் இருக்கின்றன. டர்னிட்டின் போன்ற ஒப்புமைச் சோதனை மென்பொருள்கள் இவற்றைத் தனியாகவே கொடி காட்டுகின்றன. செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்த பகுதி இருந்தால் நன்றியுரையில் சொல்ல வேண்டும் என்பது ஐஇஇஇயின் விதி. கருவியை ஆசிரியராகச் சேர்க்கக் கணினியியலாளர்களின் அமைப்பான ஏசிஎம் அனுமதிப்பதில்லை.

சுருக்கம், படம், மேற்கோள்

சுருக்கத்தில் என்ன கேள்வி, என்ன செய்தோம், என்ன கிடைத்தது என்ற மூன்றும் வேண்டும். 250 சொற்களுக்கு மேல் போவது அரிது. மேற்கோள் எண், அடிக்குறிப்பு, கணிதக் குறி ஆகியவை அதில் வரக் கூடாது. சுருக்கம் தரவகத்தில் கட்டுரையிலிருந்து பிரிந்து தனியாக நிற்கும் என்பதே காரணம். நம் பக்கத்துச் சுருக்கங்களில் பாதி இடத்தைத் 'தொன்மையும் செம்மையும் வாய்ந்த' என்ற வகைப் பாயிரம் தின்றுவிடுகிறது. கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

ஐஇஇஇ முறையில் படத்துக்குக் குறிப்பு கீழே, அட்டவணைக்கு மேலே. அட்டவணையைப் புகைப்படமாக ஒட்டக் கூடாது. மேற்கோள் சதுர அடைப்பில் எண்ணாக, கட்டுரையில் வரும் வரிசையில். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறையில், இப்போது நடப்பது 2019இல் வந்த ஏழாம் பதிப்பு, ஆசிரியர் பெயரும் ஆண்டும். மேற்கோள்களைத் தொகுத்து வைக்கும் சோட்டெரோ போன்ற இலவச மென்பொருள் இரண்டுக்கும் மாற்றித் தரும். தமிழ் நூல்களை மட்டும் கையால் சரிபார்க்க வேண்டும், முன்னெழுத்தை அது குடும்பப்பெயராக்கிவிடும்.

பிடிஎஃப் ஆக்கியபின் ஒரு சோதனை

அனுப்புவதற்கு முந்தைய நாள், எழுதிய கணினியில் அல்லாமல் வேறொரு கணினியில் செய்வது நல்லது.

1. கட்டுரையில் உள்ள ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடல் பெட்டியில் அடித்துப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் பழைய எழுத்துருவாக இருக்கலாம். ஒருங்குறியிலேயே இருந்தும் 'கெ', 'கே', 'கை' போன்ற எழுத்துகள் மட்டும் இடம் மாறி வந்தால், பிடிஎஃப் எழுத்து உருவங்களைத் திரையில் தெரியும் வரிசையில் சேமித்திருக்கிறது என்று பொருள். அப்போது பிடிஎஃப் ஆக்கும் வழியை மாற்றிப் பார்க்க வேண்டும். மூல வேர்ட் கோப்பையும் கூடவே அனுப்ப அனுமதி கேட்கலாம்.

2. கோப்பின் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பதிக்கப்பட்டது என்று இருக்க வேண்டும். ஒன்றில் இல்லையென்றாலும் ஐஇஇஇயின் கோப்புச் சோதனைத் தளமான பிடிஎஃப் எக்ஸ்பிரஸ் திருப்பி அனுப்பும். வேர்டில் பிடிஎஃப்/ஏ என்ற விருப்பத்தைத் தேர்ந்து சேமித்தால் எழுத்துருக்கள் உள்ளே பதிந்துவிடும்.

3. கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். வரைபடத்தில் சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் ஒன்றுபோல் தெரிந்தால், ஒன்றைப் புள்ளிக் கோடாக்க வேண்டும்.

4. கடவுச்சொல், புக்மார்க், சொடுக்கும் இணைப்பு ஆகியவை பிடிஎஃப் எக்ஸ்பிரஸுக்கு ஆகாது.

எந்த மாநாட்டுக்கு இவ்வளவு பாடுபடலாம்?

வடிவம் சரியாக இருப்பதால் மட்டும் கட்டுரை நல்ல கட்டுரை ஆகிவிடாது. இதை நிரூபிக்கவே 2005இல் அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்கள் சைஜென் என்ற நிரலை எழுதினார்கள். பொருளே இல்லாத கணினியியல் கட்டுரையைச் சுருக்கம், வரைபடம், மேற்கோள் பட்டியல் சகிதம் அது தயாரிக்கும். அப்படி ஒன்றை ஒரு மாநாடு ஏற்றுக்கொள்ளவும் செய்தது. 2014இல் ஸ்பிரிங்கரும் ஐஇஇஇயும் இத்தகைய 120க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தங்கள் தரவகங்களிலிருந்து நீக்க நேர்ந்தது. பெரிய பெயர் உள்ள தரவகமும் முழுக் காப்பு அல்ல.

கேர் பட்டியல் இல்லாத நிலையில் சோதிக்கும் வேலை மாணவர் தலையில் விழுகிறது. ஆறு துறைகளை ஒரே மாநாட்டில் அடைப்பது, மூன்று நாளில் ஏற்பு, மதிப்பீட்டாளர் குறிப்பே இல்லாமல் கட்டணக் கணக்கு எண் மட்டும் வருவது ஆகியவை நல்ல அறிகுறிகள் அல்ல. ஐஇஇஇ பெயரைச் சுவரொட்டியில் போட்டிருந்தால், ஐஇஇஇயின் சொந்த மாநாட்டுத் தேடலில் அந்த மாநாடு இருக்கிறதா என்று பார்க்கலாம். 'ஸ்கோபஸில் வரும்' என்பது வாக்குறுதிதான். சென்ற ஆண்டுத் தொகுப்பு ஸ்கோபஸில் வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் சான்று.

தமிழ்த்துறைக் கருத்தரங்குகளில் 'ஐஎஸ்பிஎன் எண்ணுடன்' என்று விளம்பரப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. ஐஎஸ்பிஎன் ஒரு புத்தகத்தை அடையாளம் காட்டும் 13 இலக்க எண். இந்தியாவில் ராஜாராம் மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது. உள்ளே இருக்கும் கட்டுரையை யாராவது மதிப்பிட்டார்களா என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. தொடர் வெளியீடுகளுக்கான 8 இலக்க ஐஎஸ்எஸ்என்னும் அப்படியே. அதற்காகத் தனிக் கட்டணம் கேட்டால், எதற்கு என்று கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு.

ஏற்கப்பட்ட பிறகு

மதிப்பீட்டாளர் கேட்ட திருத்தங்களைச் செய்து, மறைத்த பெயர்களை மீட்டு, அப்படியே அச்சுக்குப் போகும் நிலையில் தரும் இறுதிக் கோப்புதான் கேமரா-ரெடி. இதற்குப் பிறகு பிழை திருத்த இடம் கிடைப்பது அரிது. ஏசிஎல் மாநாடுகள் இந்தக் கட்டத்தில் ஒரு பக்கம் கூடுதலாகத் தருகின்றன, மதிப்பீட்டாளரின் கேள்விகளுக்கு இடம் தேவைப்படும் என்பதால். பதிப்புரிமைப் படிவத்தில் தலைப்பும் ஆசிரியர் வரிசையும் கட்டுரையில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஏற்பு வந்த பிறகு புதிதாக ஒரு பெயரைச் சேர்க்க முயல்வது பல மாநாடுகளில் தடை. துறைத்தலைவர் பெயரைக் கடைசி நேரத்தில் நுழைக்கும் வழக்கம் உள்ள இடங்களில் இதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

பதிவுக் கட்டணம் கட்டிவிட்டு மாநாட்டுக்கே போகாமல் இருப்பவர்களுக்கும் விதி இருக்கிறது. வாசிக்கப்படாத கட்டுரையை எக்ஸ்ப்ளோர் தரவகத்தில் ஏற்றாமல் விலக்கிவைக்க ஐஇஇஇ மாநாட்டு அமைப்பாளர்களுக்கு அதிகாரம் உண்டு. அன்றைக்குப் போக முடியாது என்று தெரிந்தால், உடன் எழுதியவர் வாசிக்கலாமா, இணையவழியில் வாசிக்கலாமா என்று அமைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு, பதிலை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.